சாமுராய் வாளுக்கும் பாம்பன் திருக்கைக்கும் என்ன உறவு? தெரியுமா?

பாம்பன் கரையில் விடியற்காலையில் போய் நின்றால், வள்ளத்திலிருந்து இறக்கிய மீன்களுக்கு நடுவே ஈரச் சாக்கை விரித்துப் போட்டதுபோல் திருக்கை கிடக்கும். அடுத்த முறை போகும்போது குனிந்து அதன் முதுகை ஒரு தரம் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருக்கும் என்று நினைத்த கை சட்டென்று நிற்கும். உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு! சில வகைத் திருக்கைக்கு நடுமுதுகில் இரண்டு மூன்று முத்து வைத்துப் பதித்தாற்போலப் புடைப்பும் உண்டு.

அந்தச் சொரசொரப்புக்குத்தான் ஜப்பானில் கொள்ளை விலை இருந்தது, தெரியுமா? சாமுராய் வாளின் மரப்பிடியைச் சுற்றித் திருக்கைத் தோலைப் போர்த்தி, அதன்மேல் பட்டுநாடாவை இறுக்கிச் சுற்றுவார்கள். ரத்தமோ வியர்வையோ பட்டாலும் நாடா நழுவாது. தோலின் மணிகள் பிடித்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் பெரிய முத்துகள் பிடியின் வெளிப்பக்கம் தெரியும்படி வைப்பது கௌரவம். சில பிடிகளில் அந்தத் தோலுக்குக் கறுப்பு அரக்குப் பூச்சும் ஏற்றியிருப்பார்கள். இத்தனைக்கும் அவர்களுக்கு நல்ல தோல் உள்ளூர்க் கடலில் போதவில்லை. தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் இந்தியப் பெருங்கடல் பக்கமிருந்தும் கப்பலில் வரவழைத்தார்கள். நம் ஊரில் அதே மீனின் வாலைக் காயவைத்துச் சாட்டையாக்கினோம். தோலைக் குழம்புக்காக உரித்துத் தூர எறிந்தோம். ரசனை ஊருக்கு ஊர் வேறு, என்ன செய்ய!

சரி, பிடியை விடுங்கள். வாளே இங்கிருந்து போன இரும்பாக இருந்தால்?

1600-களின் தொடக்கத்தில் யசுட்சுகு என்று ஒரு கொல்லர். ஜப்பானையே ஆண்ட தொக்குகாவா இயெயாசுவுக்கு வாள் அடித்துக் கொடுத்தவர்; அந்தக் குடும்பச் சின்னத்தையே வாளில் பொறிக்க அனுமதி பெற்றவர். பிடிக்குள் மறைந்து போகும் காம்பில் அவர் உளியால் வெட்டியிருக்கும் எழுத்து என்ன சொல்கிறது தெரியுமா? ‘நன்பான் இரும்பு கொண்டு செய்தது’ என்று! நன்பான் என்றால் தென்திசை அந்நியர். போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய இரும்பு அது. அதில் இந்திய உருக்கும் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக் கம்பெனி 17-ஆம் நூற்றாண்டில் இரும்பும் உருக்கும் ஏற்றி அனுப்பியதற்குக் கணக்கே இருக்கிறது. உலகத்திலேயே தன் இரும்பைப் பற்றி அதிகம் பெருமை பேசுகிற நாட்டில், அரசாங்கக் கொல்லரே வெளியூர் இரும்பை வாளில் எழுதிப் பெருமைப்பட்டிருக்கிறார் என்றால் பாருங்கள்.

அந்தத் தென்னிந்திய உருக்கு எப்படிப் பிறந்தது? இதில்தான் எனக்குப் புல்லரிக்கும். களிமண் குப்பிக்குள் இரும்புத் துண்டு. அதோடு காய்ந்த ஆவாரங்கட்டை. மேலே எருக்கு இலை. வாயை மண்ணால் பூசி அடைத்து, உலையில் அடுக்கித் துருத்தி ஊதினால், இரண்டரை மணி நேரத்தில் இரும்பு கரியைக் குடித்து உருகி உருக்காகும். 19-ஆம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்த ஜோசையா ஹீத் முதலான வெள்ளைக்காரர்கள் இந்தச் செய்முறையைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஆவாரையும் எருக்கும்! ராமநாதபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ணில் படுகிற முதல் இரண்டு செடிகள் அவைதானே?

அந்த உருக்குக்கு ஐரோப்பாவில் வைத்த பெயர் ‘வூட்ஸ்’. நம் உருக்கோ கன்னடத்து உக்கோதான் அப்படித் திரிந்தது என்பார்கள். 1795-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார்கள். மின்சாரத்துக்குப் பேர்போன மைக்கேல் ஃபாரடே இளவயதில் இதை உடைத்து உடைத்துப் பார்த்திருக்கிறார். 2006-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர விஞ்ஞானிகள், இந்த வகை உருக்கில் அடித்த 17-ஆம் நூற்றாண்டு வாளொன்றின் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்தபோது கரி நானோ குழாய்கள் தெரிந்தன! ‘நேச்சர்’ இதழில் வந்தது.

வாளின் உடம்பில் தண்ணீர் ஓடுவதுபோல் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு ரேகை தெரியுமே, அது வரைந்ததல்ல. உருக்குக்குள்ளேயே இருப்பது. தீட்டி முடித்த அலகில் அன்னபேதி கரைத்த நீரைத் தடவினால் இரும்பு கறுத்து, கரிமிகுந்த இழைகள் வெள்ளையாக எழும்பும். நாட்டு மருந்துக் கடையில் பச்சைக் கல்லாகப் பொட்டலம் கட்டித் தருகிற அதே அன்னபேதிதான். அதையே கடுக்காய்க் கஷாயத்தில் போட்டால் என்ன ஆகும்? நம் தாத்தா காலத்துக் கறுப்பு மை!

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். இப்போது இணையத்தில் ‘பிளாக் காட்டானா’ என்று கறுப்பு அலகு வைத்து விற்கிறார்களே, அது பழைய ஜப்பானிய வழக்கமே அல்ல. அங்கே அலகு கண்ணாடி மாதிரி வெளுப்பாகத்தான் இருக்கும். கற்களை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் தீட்டுவார்கள். கறுப்பு எங்கே இருக்கும் தெரியுமா? யாரும் பார்க்காத அந்தக் காம்பில்! பிடிக்குள் ஒளிந்திருக்கும் காம்பை அவர்கள் ஒருநாளும் தேய்ப்பதில்லை. புது வாள் என்றால் துரு சிவப்பாக இருக்கும், கொஞ்ச காலம் போனால் பழுப்பு, நூற்றாண்டுகள் ஆனால் கருங்கறுப்பு. வாள் வாங்க வருகிறவர் முதலில் மூங்கில் ஆப்பைத் தட்டிக் கழற்றிக் காம்பைத்தான் பார்ப்பார். ஜாதகம் அங்கேதான். ‘சுத்தம் செய்கிறேன்’ என்று யாராவது காம்பைத் தேய்த்து வெளுப்பாக்கிவிட்டால் வாளின் விலை படுத்துவிடும். கள்ள வாள் செய்கிறவன் காம்புக்குப் பொய்த்துரு ஏற்றுவதும் இதனால்தான்.

கறுப்புக்கு ஏன் இத்தனை மரியாதை? துருவிலும் ஜாதி இரண்டு. செந்துரு பஞ்சு மாதிரி. ஈரத்தைக் குடித்துக் குடித்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும், செதிள் செதிளாக உதிரும். கறுப்புத் துரு அப்படியல்ல. இரும்போடு ஒட்டிப் படிந்து, காற்றையும் ஈரத்தையும் ஓரளவு தடுத்து நிற்கும்.

திருப்பாச்சேத்தியில் ஒரு பட்டறை வாசலில் இதைக் கண்ணால் பார்த்தேன். அரிவாளுக்குப் பேர்போன ஊர். இன்றைக்குச் சிவகங்கை மாவட்டம், 1980-களின் நடுவரை ஒன்றாயிருந்த ராமநாதபுரம் மாவட்டம். லாரிப் பட்டையை வெட்டி, உலையில் சிவக்க வைத்து, சம்மட்டி போட்டு, தண்ணீரில் தோய்ச்சல் கொடுத்து எடுத்த அரிவாளின் விளிம்பு மட்டும்தான் வெள்ளி. முதுகெல்லாம் கருகரு. “முழுசாத் தீட்டிப் பளபளன்னு குடுக்கலாம்ல?” என்று கேட்டேன். கொல்லர் சிரித்தார். “குடுக்கலாம்ணே. கருப்பு போச்சுன்னா நாலு மழையில செவந்துரும், பரவால்லையா?” உலையின் சூட்டில் தானாகப் படிகிற அந்தக் கறுப்பும், ஜப்பானியக் காம்பில் நூற்றாண்டுகளாகப் படிகிற கறுப்பும் நெருங்கிய சொந்தம்.

இப்போது ராமநாதபுரம் அரண்மனைக்கு வாருங்கள். ராமலிங்க விலாசம். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சேதுச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதி தலைநகரைப் போகலூரிலிருந்து இங்கே மாற்றியபோது எழும்பியது. 1702-ல் மதுரை ராணி மங்கம்மாளின் படையையே தோற்கடித்து அனுப்பிய அதே கிழவன். இன்று தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. சுவர் முழுக்க ஓவியம். தஞ்சாவூர் மராட்டியரோடு நடந்த சண்டைகூட உண்டு. ஓவியத்தில் உயர்ந்து நிற்கும் வாளைப் பார்த்துவிட்டு அப்படியே காட்சிப்பெட்டிப் பக்கம் திரும்பினால் வாளும் ஈட்டியும் வளரியும் கிடக்கும். பெரும்பாலானவர்கள் ஓவியத்தை மட்டும் செல்போனில் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வளரி தெரியும்தானே? பிறை மாதிரி வளைந்தது, மரத்திலும் இரும்பிலும் தந்தத்திலும் செய்தது, மான்வேட்டைக்கும் போருக்கும் எறிந்தது. ஜேம்ஸ் வெல்ஷ் என்கிற ஆங்கிலேயத் தளபதி 1830-ல் வெளியிட்ட தன் நினைவுநூலில், ஈட்டி வீசவும் வளரி எறியவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கையின் சின்ன மருதுதான் என்று எழுதியிருக்கிறார்! கற்றுக்கொடுத்த கையை அவருடைய கும்பினிப் படையே எதிர்த்தது; 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் அவரும் அண்ணன் பெரிய மருதுவும் தூக்கில் தொங்கினார்கள். அதே வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவின் பிரகடனம்: பாளைய நாட்டில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது.

ஜப்பானில் சாமுராய்கள் இடுப்பில் வாள் செருகக் கூடாது என்று அரசு ஆணை போட்டது எப்போது தெரியுமா? 1876-ல்! முக்கால் நூற்றாண்டு கழித்து. வேறுபாடு ஒன்றுதான். அங்கே தடை போட்டது சொந்த அரசாங்கம். வாள் வீட்டுக்குள் பத்திரமாக இருந்தது, அடிக்கிற கலையும் நூலிழையில் பிழைத்தது. இங்கே?

தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையின் கதையைக் கேட்டால் வயிறு எரியும். அரசுரிமை போனபிறகு, 1863-ல் அந்தக் குவியலிலிருந்து கொஞ்சத்தைப் பொறுக்கி எடுத்துச் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். மீதியை என்ன செய்தார்கள் தெரியுமா? உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள்! தப்பியதில் சில இன்று நியூயார்க் வரை போய்க் கண்ணாடிக்குள் இருக்கின்றன. அவற்றில் இன்னொரு வேடிக்கை: பிடி நம்மூர் வேலை, அலகு பரங்கி நாட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த அலகுக்கு நம் கைப்பிடி போட்டு, ‘ஃபிரங்கி’ என்றே அந்த வாளுக்குப் பெயர். நம் உருக்கு ஜப்பானுக்கு, ஜெர்மனி அலகு நமக்கு. கடல் வாணிபம் அப்படித்தான் சுற்றியிருக்கிறது.

ஜப்பான் பக்கமிருந்து இந்தியாவுக்குத் திரும்பி வந்த வாளும் ஒன்று உண்டு. நேதாஜியின் வாள்! மலேயா, பர்மாத் தமிழர்கள் திரண்டு போய்ச் சேர்ந்த படையின் தலைவர் வாள். 1967-ல் ஜப்பானிய முன்னாள் அதிகாரி புஜிவாரா அதைக் கல்கத்தாவின் நேதாஜி பவனுக்கு எடுத்துவந்து ஒப்படைத்தார். பிறகு டெல்லி செங்கோட்டைக்குப் போனது.

இனி நம் கரைக்கே உரிய பிரச்சினைக்கு வருவோம். உப்பு! 1914-ல் ரயில் ஓடத் தொடங்கிய பழைய பாம்பன் பாலத்துக்கு ஓயாமல் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தது எதற்காக? 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் எதற்காக? இந்தக் காற்றுக்காகத்தான். காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் உட்கார்ந்தால், காற்றின் ஈரத்தை அதுவே இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பேறிய பழைய இரும்பை ஐப்பசி அடைமழையில் உற்றுப் பாருங்கள்: கடுகளவு ஆரஞ்சுத் துளிகள் வியர்வை மாதிரி அரும்பும். அருங்காட்சியகக்காரர்கள் இதை ‘இரும்பு அழுகிறது’ என்றே சொல்வார்கள். துடைத்தால் மறுபடி அழும், ஏனென்றால் உப்பு உள்ளே இருக்கிறது. கடலடியிலிருந்து எடுத்த பீரங்கிக்கு மாதக்கணக்கில் உப்பை வெளியே இழுத்தபிறகு டானிக் அமிலம் தடவிக் கறுப்பாக்குவார்கள். டானிக் அமிலம் என்றால்? நம் கடுக்காயில் இருக்கிற துவர்ப்பேதான்!

வேற்று உப்பு எதற்கு, நம் விரலே போதும். வாள் அலகை வெறும் விரலால் தொட்டுவிட்டு அப்படியே வைத்தால், இந்தக் காற்றில் சில நாளில் அந்தக் கைரேகை செந்துருவாகப் பதிந்திருக்கும். போலீஸுக்கு வேலையே இல்லை. ஜப்பானியர் வாளைப் பார்க்கும்போது வாயில் ஒரு மடித்த காகிதத்தைக் கவ்விக்கொள்வார்கள், கவனித்திருக்கிறீர்களா? மூச்சின் ஈரமும் எச்சிலும் அலகில் படக்கூடாது என்பதற்காக. அரசர் முன்னால் நம்மவர்கள் வாய்பொத்தி நின்றது மனிதருக்குக் கொடுத்த மரியாதை. அவர்கள் அதை இரும்புக்கே கொடுக்கிறார்கள்.

அவர்கள் பராமரிப்பு எவ்வளவு எளிது தெரியுமா? மெல்லிய காகிதத்தால் பழைய எண்ணெயைத் துடைப்பது. பட்டுத்துணியில் முடிந்த கல்தூளை அலகின் மேல் மெதுவாகத் தட்டித் துடைப்பது. புது எண்ணெயை ஒரு படலமாகத் தடவுவது. அந்த எண்ணெயில் கிராம்பு வாசனை! உறை எந்த மரம்? மக்னோலியா இனம், நம் செண்பகத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். மென்மையான மரம், அலகைக் கீறாது. நம் வாள் உறைகளில் மரத்தின் மேல் தோலோ வெல்வெட்டோ போர்த்தியிருக்கும். பதனிட்ட தோல் ஈரத்தையும் புளிப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் பழைய வாளை மழைக்காலம் முழுக்கத் தோலுறைக்குள் பூட்டி வைக்காதீர்கள்.

நம்மிடம் நாள்காட்டியே இருக்கிறது, ஆயுத பூஜை. புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ வரும். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதற்குச் சற்று முன்னால் வீட்டில் உள்ள இரும்பையெல்லாம் வெளியே எடுத்துத் துடைத்து வைக்கிற நாள்! இதை யோசித்து வைத்தார்களோ யதேச்சையோ, பராமரிப்புக்கு இதைவிடப் பொருத்தமான தேதி கிடையாது.

ஆனால் அந்த நாளிலேயே நாம் செய்கிற அநியாயமும் இருக்கிறது. நண்பர் ஒருவர் வீட்டுப் பரணில் பாட்டன் காலத்து வாள். எடுத்துக் காட்டினார். அலகு நெடுக ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வட்டவட்டமாகத் துரு. “இது என்ன டிசைன், மாப்ள?” என்று கேட்டேன். டிசைன் இல்லை, பொட்டு! வருஷா வருஷம் ஈரச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டு, அப்படியே பரணில் ஏற்றியதன் பலன். நுனி மட்டும் சாம்பல் நிறத்தில் அரித்துப் போயிருந்தது. எலுமிச்சம்பழம் குத்தி வைத்த இடம். எலுமிச்சைப் புளிப்பு இரும்பைத் தின்னும். இந்த வருஷம் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்துவிடலாம் என்று அவர் வீட்டில் பேச்சு. பாத்திரத்துக்குச் சரி. வாளுக்கு அது தோலுரிப்பு. கறுப்பு போகும், உருக்கின் ரேகை போகும், எழுத்து ஏதாவது வெட்டியிருந்தால் அதுவும் போகும்.

பொட்டு வைக்காமல் எப்படி என்றால், பிடியில் வையுங்கள், அல்லது அலகின் மேல் காகிதத்தை ஒட்டி அதில் வையுங்கள். எண்ணெய்? தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். நாளாக ஆகப் பிசுக்காகித் தூசியைச் சேர்க்கும். சல்லிசாகக் கிடைக்கும் தையல் மிஷின் எண்ணெய் போதும். பருத்தித் துணியில் நாலு சொட்டு, முதுகுப் பக்கமிருந்து ஒரு இழுப்பு, கூர்ப்பக்கம் விரல் போகாமல். செந்துரு இருந்தால் அதே எண்ணெயில் ஊறவைத்து மென்மையாக ஒற்றி எடுங்கள், கறுப்பைத் தொடாதீர்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், வெந்நீரும் ஊற்றாதீர்கள். நம் பழைய வாள்களில் பிடியும் அலகும் ஆணியால் அல்ல, அரக்கால் ஒட்டியிருக்கும். சூடு பட்டால் பிடி தனி, வாள் தனி! கடையில் வாங்கிய கறுப்பு ஜப்பானிய மாதிரிக்கும் இதே வைத்தியம்தான். அதன் கறுப்பு வெறும் பூச்சாக இருந்தால் ஒரு கீறல் போதும், நம் கடற்காற்று அந்தக் கீறல் வழியே உள்ளே புகுந்துவிடும்.

சட்டமும் ஒரு வார்த்தை. வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமான கூர் அலகு ஆயுதச் சட்டத்தின் கண்ணில் ஆயுதம்; வாங்கும் முன் உள்ளூர் விதியைக் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நூறு வயது தாண்டிய வாள் தொல்பொருள்; அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

சேதுச் சீமையில் இன்னும் எத்தனையோ பரணில் ஒரு கறுத்த இரும்பு சாக்கில் சுற்றிக் கிடக்கத்தான் செய்கிறது. உங்கள் வீட்டில் இருந்தால், இந்தச் சரஸ்வதி பூஜைக்கு எடுத்து எண்ணெய் போடுங்கள். பழசாகத் தெரிந்தால் பக்கத்து அரசு அருங்காட்சியகத்தில் ஒரு போட்டோ காட்டிக் கேளுங்கள். அதுவரை உப்புத்தாளையும் புளியையும் மட்டும் தயவுசெய்து கையில் எடுக்காதீர்கள்.